ஒரு தட்டு என்றால் சரி

திருப்பூர்
3.3.2025

திரு. சசிகுமார் அவர்களுக்கு,

வணக்கம். 'அன்புள்ள மச்சான்' என்று தொடங்குவது கைக்குப் பழகிப்போயிருக்கிறது. இன்று முயன்று அதை நிறுத்தியிருக்கிறேன்.

நேற்று முழுவதும் அழைத்தீர்கள், நான் எடுக்கவில்லை. இனியும் எடுப்பதாக இல்லை. தொலைபேசியில் என் குரல் எனக்குக் கட்டுப்படாது, எழுத்து கட்டுப்படும். அமராவதி நகர் பள்ளி விடுதியில் ஞாயிறு காலை நம் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, வீட்டுக்குக் கடிதம் எழுதாதவனுக்கு மதியம் பாயசம் கிடையாது என்று சட்டம் போட்ட குருசாமி சாரை நினைத்துக்கொண்டுதான் இந்தத் தாளை எடுத்தேன். கோபமாக எழுதியதை அவர் திருப்பிக் கொடுப்பார். "கோபத்தை வைத்துக்கொள், வாக்கியத்தைச் சரிசெய்" என்பார். அப்படியே செய்கிறேன்.

செய்தி இதுதான். நீங்கள் முகவராக இருக்கும் காப்பீட்டு நிறுவனம் நம் பயணக் காப்பீட்டுக் கோரிக்கையை நிராகரித்துவிட்டது. ஜனவரியில் டென்மார்க்கில் என் மனைவிக்கு, அதாவது உங்கள் தங்கை மைதிலிக்கு, மாரடைப்பு வந்தபோது சிகிச்சை செய்த மருத்துவமனை ஓர் அறிக்கை தந்தது. இந்த நோயாளிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கோயமுத்தூரில் இருதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. நம் விண்ணப்பத்திலோ, பயணம் செய்யும் குடும்பத்தாரில் எவருக்கேனும் இருதய நோய் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, தொடர்ந்து மருந்து உட்கொள்கிறார்களா என்ற கேள்விகளுக்கு வரிசையாக 'இல்லை' என்று இருக்கிறது. அந்த 'இல்லை'களை எழுதிய கை உங்களுடையது. அவற்றின் அடியில் இருக்கும் கையெழுத்து என்னுடையது.

மருத்துவமனைக் கட்டணத்தை நான் அங்கேயே கட்டிவிட்டேன். இக்கடிதம் பணத்தைப் பற்றியது அன்று.

டிசம்பரில் நான் கையெழுத்துப் போட்ட அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேக்கிங் பகுதியில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தேன். கையில் தேநீரோடு வந்தீர்கள். "விசாவுக்குக் கேக்கறாங்க மாப்பிள்ளை. இங்கொண்ணு, இங்கொண்ணு, போட்டுக் குடுங்க" என்றீர்கள். ஒரு பெட்டியின்மேல் வைத்தே போட்டேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் விதிமுறைக் கையேட்டை அடிக்குறிப்பு உட்பட வாசித்த பிறகே ஒப்பமிடுபவன் நான் என்பது ஊருக்குத் தெரியும். அந்தப் படிவத்தை ஏன் வாசிக்கவில்லை என்று நிறுவனம் என்னைக் கேட்டால், கொண்டுவந்தவர் என் மைத்துனர் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

உங்களுக்கு முன்பே தெரியுமா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். மைதிலி விமான நிலையத்திலிருந்தே நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். அங்கேயே ஓய்வெடுக்கட்டும்.

இப்படிக்கு,
வேல்குமார்

&nbsp;

உடுமலைப்பேட்டை
8.3.2025

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைக் கொடுத்த தபால்காரர் சுடலை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கோர்ட்டு நோட்டீஸா?" என்றார். "அதைவிட மோசம், எங்க மாப்பிள்ளை எழுதினது" என்றேன். அவர் சிரித்தார். நான் உள்ளே போய்த்தான் பிரித்தேன். முப்பது வருஷத்தில் நீங்கள் எனக்குத் 'திரு' போட்டது இதுதான் முதல் தடவை. கல்யாணத்தன்றைக்கு நமக்குள் 'டா' போய் 'ங்க' வந்தது. இப்போது 'திரு' வந்திருக்கிறது. இன்னும் ஒரு படி தாண்டினால் நாம் அறிமுகமே இல்லாதவர்கள் ஆகிவிடுவோம்.

தெரியும். முன்பே தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம் மைதிலி இங்கே வந்திருந்தாள். தோப்பில் மோட்டார் ரூமுக்கு ஏறும் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணுமில்லீங்ணா, மூச்சு வாங்குது" என்றாள். முகத்தைப் பார்த்தேன். காரில் போட்டு நேராகக் கோயமுத்தூர் போனேன். அன்றைக்கே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் அவள் பேசிய முதல் பேச்சு, "அண்ணா, அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்பதுதான். கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன், கூட இருக்க ஆள் வேண்டும் என்று உங்களுக்குப் போன் செய்தேன். "இருக்கட்டும் மச்சான், இங்கே கன்டெய்னர் வாசலில் நிற்கிறது" என்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் விற்றவன் நான், பாலிசியைப் பற்றிச் சொல்லவேண்டியது என் கடமை. மூன்று பேருக்கும் சேர்த்து எடுத்தது குடும்பப் பாலிசி. போன இடத்தில் திடீரென்று வரும் நோய், விபத்து, ஆஸ்பத்திரிச் செலவு, ஆம்புலன்ஸ், முடியாமல் போனால் ஆளை ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது, இவ்வளவுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் 'திடீரென்று' என்பதுதான் அதன் உயிர். ஏற்கெனவே இருக்கிற நோயை முன்கூட்டிச் சொல்லிவிட்டால், கூடக் கொஞ்சம் பிரீமியம் கேட்பார்கள், இல்லை அந்த நோயை மட்டும் விலக்கி வைப்பார்கள். சில பாலிசியில் உயிருக்கு ஆபத்து என்றால் ஆபத்து நீங்கும் மட்டுக்குமாவது பார்த்துக்கொள்வார்கள். மறைத்தால் எதுவும் கிடையாது. கோயமுத்தூர் டாக்டர்கூட, "மருந்தை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு போய்வரலாம், ஆனால் இன்சூரன்சில் மறக்காமல் எழுதுங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

எழுதினால் அதற்குக் கீழே குடும்பத் தலைவர் என்று நீங்கள் கையெழுத்துப் போடவேண்டும். அங்கேதான் பேனா நின்றது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, இரண்டு டீ ஆறிப்போன பிறகுதான் அந்த 'இல்லை'களை எழுதினேன். ஊரில் எல்லோருக்கும், "மறைக்காமச் சொல்லுங்க, பின்னாடி கோளாறு வரும்" என்று பாடம் சொல்கிறவன் நான். என் தங்கைக்கு எழுதும்போது அந்தப் பாடம் உதவவில்லை. தப்பு என்னுடையது, உங்களுடையதல்ல என்று நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். ஏஜென்சியையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் மறைத்தாள் என்று கேட்பீர்கள். அதை அவள்தான் சொல்லவேண்டும். நோயைச் சொல்லி அவளுக்குச் செய்த ஒரு சத்தியத்தை உடைத்துவிட்டேன், காரணத்தையும் நான் சொன்னால் இரண்டாவதும் போய்விடும்.

அவள் தேறிவருகிறாள். காலையில் தோப்புக்குள் கிணறு வரைக்கும் நடந்துவிட்டு வருகிறாள். உங்களைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. "தபால் வந்துதுங்களாண்ணா?" என்று மட்டும் கேட்கிறாள்.

சசி

&nbsp;

திருப்பூர்
14.3.2025

திரு. சசிகுமார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒப்புக்கொண்டமைக்கு நன்றி. பாலிசி பற்றிய விளக்கம் தெளிவாக இருந்தது. டிசம்பரில் கிடைத்திருந்தால் பயன்பட்டிருக்கும்.

நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். மைதிலியை ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்ற இடத்தில் ஓர் இளம் மருத்துவர், பெண், என்னிடம் வந்தார். இவருக்கு முன்பு இருதயக் கோளாறு இருந்ததுண்டா, இரத்தம் உறையாமலிருக்க ஏதேனும் மருந்து சாப்பிடுகிறாரா என்று மிகப் பொறுமையாகக் கேட்டார். நான் நிமிர்ந்து நின்று, "எதுவும் கிடையாது. என் மனைவி முழு ஆரோக்கியத்துடன் இருப்பவள்" என்றேன். அதைச் சொன்னபோது என் குரலில் ஒரு பெருமையும் இருந்தது. அவர் எழுதிக்கொண்டார். அப்போது சுபஸ்ரீ, மருந்துச் சீட்டு ஏதும் இருக்குமா என்று தன் அம்மாவின் கைப்பையைத் துழாவி, முகப் பவுடர் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தாள். அதற்குள் மூன்று வகை மாத்திரைகள். அவள் டப்பாவை நேராக மருத்துவரின் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தான் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த டப்பா கிடைத்திராவிட்டால் என் பதிலை நம்பி அவர்கள் என்ன மருந்து கொடுத்திருப்பார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

அவிநாசி சாலையில் வாடகைக்குப் பிடித்த நம் முதல் ஷெட் உங்களுக்கு நினைவிருக்கும். தகரக் கூரை. நான்கு தையல் இயந்திரங்கள், ஒரு கட்டிங் மேசை. சித்திரையில் மத்தியானம் துணியைத் தொட்டால் அப்பளம்போல் சுடும். மைதிலி தூக்குப்போசியில் மோர்ச்சோறு கொண்டுவருவாள். நீங்கள் உடுமலையிலிருந்து இளநீர் மூட்டையோடு வந்து இறங்குவீர்கள். டெய்லர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று நான் திட்டுவேன். "நிறுத்தட்டும் மாப்பிள்ளை, மிசினுக்கும் தாகம் எடுக்கும்" என்பீர்கள். அந்த ஷெட்டில் நான் வைத்த ஒரே ஒழுங்கு, குறை இருக்கும் இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. தையல் விட்டிருக்கிறதா, அங்கே ஒரு சிவப்பு அம்பு. எண்ணெய்க் கறையா, ஓர் அம்பு. ஒட்டாமல் மறைத்து அடுத்த மேசைக்குத் தள்ளியவனை அன்றே அனுப்பிவிடுவேன். குறையுள்ள துணிக்காக எவரையும் நான் வேலையைவிட்டு அனுப்பியதில்லை.

அப்படிப்பட்டவன் வீட்டில், என் வீட்டில், அம்பு ஒட்டாமல் இரண்டு ஆண்டுகள் ஒரு நோயைத் தள்ளியிருக்கிறீர்கள். அண்ணனுக்குத் தெரியும், அண்ணன் மனைவிக்குத் தெரியும், கோயமுத்தூரில் ஒரு மருத்துவருக்குத் தெரியும், பவுடர் டப்பாவுக்குத் தெரியும். ஒரே பாயில் படுத்தவனுக்குத் தெரியாது. எந்தக் குற்றத்துக்காக நான் அந்த வரிசையில் இல்லை? குடிக்கிறேனா, அடிக்கிறேனா, செலவுக்கு அஞ்சி மருத்துவம் பார்க்க மறுப்பேனா? எதற்காக என்னிடம் அஞ்ச வேண்டும்? இதற்கு விடை கிடைக்காமல் அவளை வரச்சொல்லி நான் அழைக்க முடியாது. அவள் வருவதாக இருந்தால் கதவு திறந்திருக்கிறது. அதற்குமேல் ஒரு சொல் என்னிடமிருந்து வராது.

அவளுடைய துணிமணிகளைச் சுபஸ்ரீ ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவாள்.

வேல்குமார்

&nbsp;

உடுமலைப்பேட்டை
20.3.2025

வேலு,

மாப்பிள்ளை என்றால் உனக்கு உறைக்காது. அதனால் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு எழுதுகிறேன்.

சுபஸ்ரீ பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மைதிலி திறந்து பார்த்தாள். எல்லாம் மடித்து அடுக்கி, மேலே அவளுடைய கம்பளிச் சால்வை. பங்குனி வெயிலுக்குக் கம்பளி வைத்து அனுப்புகிற மனுசன் எவ்வளவு நாள் கணக்குப் போட்டிருப்பான் என்று அவளுக்கா தெரியாது? மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மத்தியானம் சாப்பிடவில்லை. "ஆத்தா, ஒரு வாயாச்சும்" என்று சுபஸ்ரீ கெஞ்சினாள். "உங்கப்பன் உண்டாரான்னு கேட்டியா கண்ணு?" என்று திருப்பிக் கேட்டாள். அதைப் பார்த்த பிறகு சத்தியம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் முன்னாலேயே சொன்னேன், "நான் எழுதப்போறேன்." அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

என்ன குற்றம் என்று கேட்டாய். குற்றம் இல்லை. உனக்கு நினைவிருக்கிறதா, பன்னிரண்டாவது முடித்து நாம் இரண்டு பேரும் ராணுவத் தேர்வுக்குப் போனோம். எழுத்துத் தேர்வில் இரண்டு பேரும் தேறினோம். நேர்முகத்தில் நான் நின்றுபோனேன், நீ தேறினாய். கடைசியில் மருத்துவப் பரிசோதனை. புள்ளி புள்ளியாக நிறம் போட்ட ஓர் அட்டையைக் காட்டினார்கள், துணைக்கு வந்த நானும் கதவோரம் நின்று பார்த்தேன். வெளியே வந்து, அதே அட்டையில் என்ன எண் இருந்தது என்று என்னிடம் கேட்டாய். எழுபத்து நான்கு என்றேன். உனக்கு இருபத்தொன்று தெரிந்திருந்தது. சிவப்பும் பச்சையும் உன் கண்ணுக்குள் ஒன்றோடொன்று கலந்துபோகும் என்று அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது. திரும்பி வரும் பஸ் பொள்ளாச்சியைத் தாண்டியது. அப்புறம் என் கையைப் பிடித்து, "ஊட்டுல முழங்கால்ல குறைன்னு சொல்லுடா. கண்ணுன்னு ஆருக்கும் தெரியக்கூடாது" என்றாய். உங்கப்பா என்னிடம் நேரில் கேட்டார். "முழங்காலுங்க மாமா" என்றேன். இன்றைக்கு வரை நான் அதை மாற்றிச் சொல்லவில்லை. என் தங்கையை உனக்குக் கொடுத்தபோதுகூட எங்கப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பார், அது வேறு.

அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு நீ பனியன் தொழிலில் இறங்கினாய். ஒரு டீ-சர்ட்டுக்கு ஆயிரம் நிறம் பார்க்கிற தொழில். ஆனால் ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று என்றைக்காவது யோசித்தாயா?

தலைத் தீபாவளிக்கு மைதிலிக்குப் பச்சைப் புடவை என்று நீ வாங்கிவந்தது காப்பிக்கொட்டை நிறம். "பச்சைன்னு சொன்னாரே உங்க ஊட்டுக்காரரு?" என்று எங்கம்மா சிரித்தாள். "நாந்தேன் இந்தக் கலர் கேட்டேன்" என்றாள் அவள், இருபத்திரண்டு வயசுப் பெண். அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்துதான் மோர்ச்சோறு தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வர ஆரம்பித்தாள். டையிங் பட்டறையிலிருந்து சாய மாதிரியாக லேப் டிப் வரும்போதெல்லாம், அந்தச் சின்னத் துணித்துண்டுகளை விளக்கு எரியும் லைட் பாக்ஸுக்குள் வைத்து நீ சரி பார்ப்பதாகப் பாவனை செய்யும்போதெல்லாம், உன் இடது பக்கம் வந்து நிற்பாள். முழங்கையில் ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் வேண்டாம். இந்த ஏற்பாட்டைப் பற்றி நீங்கள் இருவரும் ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசியதில்லையாமே! அவளே சொன்னாள். "பேசினா அவருக்குக் கூச்சமாப் போயிருமுங்ணா" என்றாள். 'ஷேட் விஷயத்தில் வேல்குமார் கண் தப்பாது' என்று ஊரில் உனக்குப் பெயர். அந்தக் கண் சேலை கட்டிக்கொண்டு உனக்குப் பின்னால் நின்றது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஸ்டென்ட் வைத்தது தெரிந்தால் நீ முதலில் என்ன செய்வாய்? கம்பெனிப் படியை மிதிக்காதே என்பாய். நல்ல எண்ணத்தில்தான் சொல்வாய். அப்புறம் லைட் பாக்ஸ் முன்னால் யார் நிற்பது? இத்தனை வருஷம் கூரியரில் அனுப்பி முடித்த நிறத்தை, டென்மார்க் வாடிக்கையாளரிடம் புதிதாக வந்த அதிகாரி நேரில் வைத்துத்தான் முடிவு செய்வேன் என்றார். வருஷாவருஷம் தனியாகப் போய்வந்தவன் இந்த வருஷம் மட்டும், "குடும்பத்தோட ஊர் சுத்திப் பார்க்கலாம்" என்று எதற்குக் கிளம்பினாய்? அவளுக்குத் தெரியாதா? 'ஊர் சுற்ற' என்று நீ சொன்னதை அவள் மறுக்காமல் நம்பின மாதிரி இருந்தாள். 'ஒன்றுமில்லை' என்று அவள் சொன்னதை நீ நம்பினாய்.

நாள் முழுக்க அடுத்தவன் குறைக்கு அம்பு ஒட்டுகிற உன்மேல் ஓர் அம்புகூட விழாமல் பார்த்துக்கொண்டவள் அவள். நான் படிவத்தில் எழுதியது பொய்தான். அதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் 'எதற்காக என்னிடம் அஞ்ச வேண்டும்' என்று கேட்காதே. அவள் உன்னிடம் அஞ்சவில்லை. உனக்காக அஞ்சினாள்.

சசி

&nbsp;

திருப்பூர்
2.4.2025

மச்சான்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முதலில் ஒரு கடிதம் எழுதினேன். குருசாமி சார் இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார். ஆகவே நானே கிழித்துவிட்டேன். அதில் உங்களுக்கு எதிராக மிக நேர்த்தியான வாக்கியங்கள் சில இருந்தன.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுபஸ்ரீகூட முழுவதும் அறியமாட்டாள். அவள் ஜன்னலோரம் நின்று வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டென்மார்க்கில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் நிறம் பார்க்கும் அறை மிகச் சிறியது. லைட் பாக்ஸை ஏற்றிவிட்டு மற்ற விளக்குகளை அணைத்துவிட்டார்கள். ஆலிவ் பச்சையில் ஒரு லேப் டிப். வாடிக்கையாளரின் மூலத் துண்டோடு சேர்த்து வைத்து, உங்கள் கருத்து என்ன என்று அந்த அதிகாரி கேட்டார். எனக்கு இரண்டும் ஒரே மண்ணாகத் தெரிந்தன. நான் குனிந்து, கண்ணைச் சுருக்கி, வழக்கம்போல் காத்திருந்தேன். என் இடது முழங்கையை ஒரு கை பற்றியது. விட்டது. மறுபடி பற்றியது, முன்னைவிட அழுத்தமாக.

இரண்டு. வேண்டாம் என்று பொருள்.

நான் நிமிர்ந்து, "இது ஆகாது, சிவப்பு ஏறியிருக்கிறது" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. சாயத்தில் சிவப்பு எப்படி ஏறுகிறது, எங்கள் தண்ணீரின் தன்மை என்ன, இத்தனை ஆண்டு அனுபவத்தில் என் கண்ணுக்கு அது எப்படி உடனே தட்டுப்படுகிறது என்று ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தினேன். அந்த அதிகாரி என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பியபோது அவள் தரையில் இருந்தாள்.

அவள் வலியில் என்னைப் பிடித்திருக்கிறாள். அதை நான் துணியைப் பற்றிய செய்தியாக வாசித்தேன்.

அன்றிலிருந்து நான் யார்மீது கோபமாக இருக்கிறேன் என்பதை உங்கள் கடிதம் வரும்வரை நானே சரியாகப் பெயரிடவில்லை. உங்கள் மேல் இருப்பதாக எண்ணிக்கொள்வது வசதியாக இருந்தது. படிவத்தில் நீங்கள் எழுதிய பொய்யை இப்போதும் நான் மன்னிக்கவில்லை. அதை நிறுவனத்துக்கும், எழுதச் சொன்ன கோயமுத்தூர் மருத்துவருக்கும் நீங்கள் செய்த தவறாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். எனக்குச் செய்ததாக இனிச் சொல்லமாட்டேன். கம்பளிச் சால்வையை வைத்தது நான் அல்ல என்று சொல்ல ஆசை. நான்தான்.

அந்தப் பழைய ஷெட்டை நேற்றுப் போய்ப் பார்த்தேன். இப்போது அங்கே ஒரு மொபைல் கடை. கட்டிங் மேசை இருந்த இடத்தில் ஒரு பையன் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். மத்தியான வெயில் அதே கோணத்தில் விழுந்தது. அவள் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதுவும் தெரியாதவள்போல் என் இடது பக்கம் வந்து நின்ற முதல் நாள் எனக்கு நினைவிருக்கிறது. முழங்கையில் விரல் பட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நொடி, "சரி, இதையே போடச் சொல்லு" என்று டையிங் ஆளிடம் சொன்னேன். எவ்வளவு இலகுவாகச் சொன்னேன்! என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக எதையும் சொன்னதில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அது நின்றுவிடுமோ என்று பயந்திருக்கிறேன் போலும்.

இன்று காலை, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பிரதீப், அந்த ஆலிவ் பச்சையை மறுபடி சாயமேற்றி வந்த இரண்டு லேப் டிப்புகளோடு வந்தான். நான் வேண்டாம் என்றதால் புதிதாகச் செய்தவை. லைட் பாக்ஸைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். "எதுங்க சார் ஓகே?" என்றான். பழக்கத்தில் குனிந்தேன். இடது பக்கம் காலியாக இருந்தது. நிமிர்ந்து, "தெரியலப்பா. எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது, சின்ன வயசிலிருந்தே. ஊட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பிரதீப் தலையைச் சொறிந்துகொண்டு, "அது எங்களுக்குத் தெரியுமுங்க சார். அக்கா எப்ப வருவாங்கன்னுதான் எல்லாரும் பார்த்துட்டு இருக்கறோம்" என்றான்.

டென்மார்க்குக்கும் எழுதிவிட்டேன். நிறம் பற்றிய முடிவுகள் இனி என் மனைவியின் பெயரில் வரும் என்று.

இரண்டு துண்டுகளையும் இதனுடன் வைத்திருக்கிறேன், வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளில் சுற்றி. அவளிடம் காட்டுங்கள். எது சரி என்று கேளுங்கள். வேறு எதையும் கேட்கும் யோக்கியதை எனக்கு இருப்பதாக இன்னும் தோன்றவில்லை.

வேலு

&nbsp;

உடுமலைப்பேட்டை
7.4.2025

மாப்பிள்ளைக்கு,

உறை பருமனாக இருந்ததால், "இந்தத் தடவை என்ன அண்ணாச்சி, சமாதானமா?" என்றார் சுடலை. பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். எனக்கு எழுதியதை இன்னொருத்தர் படிப்பது தப்புதான். என் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசல்படியில் உட்கார்ந்து படித்தாள். நடுவில் ஓரிடத்தை விரல் வைத்து மறுபடி படித்தாள். எந்த இடம் என்று எனக்குத் தெரியும். அப்புறம் கறுப்புத் தாளைப் பிரித்தாள். துண்டுகளை நிழலில் வைத்துப் பார்த்தாள், வெயிலில் வைத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். மூன்று மாதத்தில் அந்த மூக்கு இன்றைக்குத்தான் சுளித்தது, மாப்பிள்ளை.

"எழுதுங்கண்ணா" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டும் வேண்டாமுங்க. ஒண்ணு மஞ்சள் பாயுது, இன்னொண்ணு செத்துக் கிடக்குது. அன்னைக்கு டென்மார்க்குல பார்த்தீங்களே, அதுதான் சரி. நூத்துக்கு நூறு சரி. நான் ஒரு தட்டுத் தட்டத்தான் கையைத் தூக்குனேன், அதுக்குள்ள வலி வந்துருச்சு. அதையே போடச் சொல்லுங்க.

"கூட இருக்கற மத்த கலரெல்லாம் லைட் பாக்ஸ் முன்னாடி நின்னு பார்த்தாத்தான் சொல்ல முடியும். தபால்ல வெச்சு அனுப்பிக் கேக்கறதுக்கு இது என்ன ஜாதகமா?

"வண்டியைக் குடுத்து டிரைவரை அனுப்ப வேண்டாம். நீங்களே வாங்க. கம்பளியை இங்கேயே வெச்சிட்டு வர்றேன், மார்கழிக்கு அண்ணன் போர்த்திக்கட்டும். மாத்திரையை இனிப் பவுடர் டப்பாவுல வெக்க மாட்டேன், சாப்பாட்டு மேசை மேலதான் வெப்பேன். வேளாவேளைக்கு எடுத்துக் குடுக்கறது உங்க வேலை. அதுல கலர் பார்க்க வேண்டியதில்லை, காலை, ராத்திரின்னு எழுதியிருக்குது.

"ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிப்போடறேன். இனி உங்களுக்குப் பின்னாடி நிக்க மாட்டேன். பக்கத்துல நிக்கறேன். தட்ட மாட்டேன், வாயிலேயே சொல்றேன்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் துணித்துண்டுகளை மறுபடி கறுப்புத் தாளில் சுற்றினாள். பெட்டியை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, இந்தக் கடிதம் போய்ச் சேர இரண்டு நாளாகும் என்று நான் சொல்லியும் கேட்காமல், அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். போனை எடுங்கள்.

சசி